கிட்டாருக்கு வயசேற்றிய வாரம்

டொம் கப்பலிலிருந்து ஒரே ஒரு நாள் முன்னதாகப் போன் பண்ணியிருந்தால் எங்கள் தெருவுக்கு இந்தக் கதை கிடைத்திருக்காது.

அவன் பண்ணிய நேரத்தில் எதிர்வீட்டுப் பெயிண்டர் ஸ்பிரே கன்னைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கொட்டகை விட்டத்தில் தொங்கிய பேஸ் கிட்டாரை அண்ணாந்து ரசித்துக்கொண்டிருந்தார். ரத்தச் சிவப்பு. பக்கத்தில் போனால் மீசை ஒதுக்கிக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு.

பெயிண்டர் என்றால் கார் பெயிண்டர். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில்தான் வேலை. தின்னர் வாசனைக்குப் பயந்து எங்கள் தெருக் கொசுக்கள் குடும்பம் குட்டியோடு குடிபெயர்ந்து வெகு காலமாகிறது. நசுங்கி, உரிந்து, சொந்தக்காரனே அழுதுகொண்டு தள்ளி வருகிற காரை அவர் மாப்பிள்ளை மாதிரி அலங்கரித்து அனுப்புவார். ஒருவர் தன் காரை எடுத்துப்போக வந்து, 'இது என்னுடையது இல்லை, என்னுடையதைக் கொடு' என்று சண்டை போட்டுவிட்டுப் போனது உண்டு. நம்பாதவர்கள் டிங்கரைக் கேட்டுக்கொள்ளலாம். டிங்கர் அதே கொட்டகையில் சுத்தியலால் தட்டி நசுங்கல் எடுப்பவர். சுத்தியல் ஓய்ந்தால் அவர் வாய் ஓடும். வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை.

கொட்டகையின் இன்னொரு மூலை பெயிண்டரின் மனைவிக்கு. கார் சீட்டுக்கு உறை தைப்பாள். அவளுடைய கனத்த மெஷின் ஓடினால் எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஜோடி சேர்ந்து ஆடும். கை ரெக்சினில் இருப்பதால் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு மெஷின் மேல் வைத்துவிடுவாள். ஆகவே அந்தக் குடும்பத்துக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ரகசியம் என்று ஒன்று கிடையாது.

டொம் அவளுடைய தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவள்தான் சோறு ஊட்டி வளர்த்தாள். நாலே நாலு தடித்த கம்பி போட்ட பேஸ் கிட்டாரை அவன் வாசிக்க ஆரம்பித்த நாளிலிருந்து தெருவே அவனை டொம் என்றுதான் கூப்பிடுகிறது. அந்த வாத்தியம் பாட்டில் இருப்பது யாருக்கும் தெரியாது. நிறுத்திவிட்டால் மட்டும் வீட்டில் மின்விசிறி நின்ற மாதிரி எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். உல்லாசக் கப்பல் ஒன்றின் வாத்தியக் குழுவில் இடம் கிடைத்து அவன் போனபோது, கப்பலிலேயே வேறு கிட்டார் கொடுத்ததால், தன்னுடைய பழையதை அக்கா வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் போனான். அது ஒரு வாத்தியக் குழுத் தலைவர் சம்பளத்துக்குப் பதிலாக அவன் கழுத்தில் கட்டியது. ஒரு காலத்தில் வெள்ளை. பிறகு பீடி குடிக்கிறவர் பல் மாதிரி ஒரு நிறம்.

போனவன் போனவன்தான். ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும், "அடுத்ததோட வந்துடறேன்கா" என்பான். அந்த 'அடுத்தது' வரிசையில் நின்றால் தலை நம் தெருவிலும் வால் நடுக்கடலிலும் இருக்கும்.

அன்றைக்கு அவன் குரலில் ஒரு படபடப்பு.

"அக்கா, அந்த பேஸு சுவத்துலதானே இருக்கு?"

"இருக்குடா. கால் முளைச்சு எங்க போகப்போவுது?"

"இங்க ஒரு பெரியவர்கிட்ட அதோட பழைய போட்டோவைக் காட்டினேன். ஆடிப் போயிட்டாருக்கா! அந்த மாடல் உலகத்துலயே கொஞ்சந்தான் மிச்சமாம். பாத்து விலை சொல்ல ஒரு அம்மா இருக்காங்களாம், ஞாயித்துக்கெழமை நம்ம ஊருக்கு வர்றாங்க. நல்ல விலை வந்துச்சுன்னா, நான் எறங்கிடறேன்கா. அங்கயே சின்னதா ஒரு இடம் புடிச்சு, நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்துடறேன்."

மெஷின் நின்றது. எங்கள் டம்ளர்களும் நின்றன.

"நெசமாவாடா?"

"சத்தியமா. விலை வரலைன்னா இன்னொரு கான்ட்ராக்ட்டுல கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும், வேற வழியில்ல. ஒண்ணு மட்டும் கேளு. யாரும் அது மேல கைய வெக்காதீங்க. துடைக்கக்கூட வேணாம். அந்த மஞ்சக் கலரு, அந்தக் கீறல், அந்த வெடிப்பு, அதுதான்கா விலையே. புது பெயிண்ட்டு பட்டுச்சுன்னா பாதிக்குப் பாதி கூட தேறாதாம்."

அவள் மெல்லத் தலையைத் தூக்கி விட்டத்தைப் பார்த்தாள். அங்கே அவளுடைய தம்பியின் எதிர்காலம் ரத்தச் சிவப்பில் சொட்டச் சொட்ட மின்னிக்கொண்டு தொங்கியது.

"சரிடா," என்றாள். "யாரும் தொடமாட்டாங்க."

போனை வைத்தாள். பெயிண்டர் கையை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தக் கைகள் அலைந்தன.

"ஏங்க, உங்களை யாரு அதைத் தொடச் சொன்னது?"

"பெரிய கார் ஒண்ணுக்கு அடிச்சதுல கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்துச்சும்மா. மச்சான் என்னைக்காவது வந்து பாத்தா அசந்து போவட்டுமேன்னு..."

"அசந்துட்டான். பாக்காமலே அசந்துட்டான்."

"நான் என்னத்தைக் கண்டேன்? காரை விக்கணும்னு நினைக்கறவன் எல்லாம் மொதல்ல எங்கிட்டதானே வர்றான்? பழசைப் பழசாவே காட்டி எவன் வித்தான், நீயே சொல்லு."

"பழைய பெயிண்ட்டை என்ன பண்ணீங்க?"

"மரம் தெரியத் தேச்சுட்டேன்." கொஞ்சம் யோசித்து, நல்ல சேதி சொல்கிறவர் போல, "திருகாணி, குமிழு, கம்பி எல்லாம் டிபன் டப்பாவுல பத்திரமா இருக்கு," என்றார்.

அதற்கப்புறம் ரெக்சினைக் கத்தரியால் வெட்டிய சத்தம் மட்டும் கேட்டது. அந்த ரெக்சினாக நான் பிறக்கவில்லையே என்று ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன்.

மறுநாள் சாப்பாட்டில் உப்பு இல்லை. அதற்கு மறுநாள் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. கணவனைப் பழிவாங்குகிறாள் என்று டிங்கர் நினைத்தார். அப்படி இல்லை. அவள் கவனம் இங்கே இல்லை. தம்பிக்கென்று சாமான் போட்டு வைத்திருந்த அறையைத் திறந்து, மெத்தையை வெளியே இழுத்து வாசலில் போடுவாள். கொஞ்ச நேரத்தில், 'எதற்கு இப்போதே' என்பது போல மறுபடி உள்ளே இழுத்துப்போவாள். அந்த மெத்தை அந்த வாரம் நடந்த தூரத்துக்குக் கப்பலையே எட்டிப் பிடித்திருக்கலாம்.

என் வீட்டு வாசலில் நின்று ஒருநாள் கேட்டாள். "சார், அவன்கிட்ட இப்பவே சொல்லிடட்டுமா?"

"சொன்னா என்ன ஆகும்?"

"கையெழுத்துப் போட்டுடுவான்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், சுற்றினாள். "போன கான்ட்ராக்ட்டுல குரல்ல கூட ஆளு மாறியிருந்தான் சார். இன்னொரு தடவை போனா, அப்புறம் அவன் வர்றதுக்கு இங்க எதுவுமே இருக்காது."

பெயிண்டர் அதைக் கொட்டகைக்குள்ளிருந்து கேட்டிருக்கவேண்டும். அன்று மதியமே ஒரு காரை அரைகுறையாக நிறுத்திவிட்டு, கிட்டாரை இறக்கி, உப்புத்தாளை எடுத்தார்.

"என்ன பண்ணப்போறீங்க பெயிண்டரே?" என்றார் டிங்கர்.

"பழசாக்கப்போறேன்."

"யோவ், நாம இருபத்தஞ்சு வருஷமா பழசைப் புதுசாக்கற கடை."

"வந்த வழியிலயே திரும்பிப் போறேன். அவ்வளவுதான்."

வானம் அந்த வாரம் முழுக்க மூடிக்கொண்டு, பெய்யவும் பெய்யாமல் விலகவும் விலகாமல் கழுத்தறுத்தது. ஈரக் காற்றில் அடித்தால் பெயிண்ட் பூத்துவிடும். அதாவது, கண்ணாடியில் மூச்சுவிட்ட மாதிரி வெள்ளைப் புகை படிந்துவிடும். அவர் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார், உள்ளே போவார், ஸ்பிரே கன்னை எடுப்பார், வைப்பார். இந்தக் காலத்துக் கார் பெயிண்ட் வெடிக்காது, ரப்பர் மாதிரி இழுத்துக்கொள்ளும் என்பதால், மேஜை நாற்காலிக்கு அடிக்கிற பழைய ரக லாக்கர் பெயிண்டை வாங்கிவந்தார். காற்று கொஞ்சம் உலர்ந்த நேரம் பார்த்து வெள்ளை அடித்தார். அதன் மேல் ஒரு சொட்டு பழுப்புக் கலந்து இன்னொரு பூச்சு. நிறம் பல் போல இருக்கவேண்டும் என்பதற்காக டிங்கரை வாயைத் திறந்து நிற்கச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டிங்கரின் வாய்க்குக் கிடைத்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

"கொஞ்சம் ஜாஸ்தி மஞ்சளா இருக்கு," என்றார் பெயிண்டர்.

"கிட்டாரா?"

"உன் பல்லு."

மனைவி மெஷினில் உட்கார்ந்தபடி அந்தப் பக்கம் திரும்பாமலே எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு தையலை நிறுத்திவிட்டு வந்தாள். "இந்த இடம் மழுங்கியிருக்கும்," என்று கிட்டாரின் மேல் விளிம்பைத் தொட்டுக் காட்டினாள். "அவன் முழங்கையை இங்கதான் ஊணுவான். இதோ, இங்க ஒரு சூடு. சிகரெட்டை வெச்சுட்டு மறந்துட்டான். அன்னைக்கு நான் அவனை அடிச்சேன்."

"எவ்வளவு பெரிய சூடு?"

"என் சுண்டுவிரல் நகம்."

அவள் சொல்லச் சொல்ல அவர் தேய்த்தார், சுட்டார், கீறினார். பெல்ட் பக்கிள் உரசுகிற இடத்துக்குத் தன் பெல்ட்டையே கழற்றித் தேய்க்க வைத்துக்கொண்டு, மிச்ச நாள் முழுக்க ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே வேலை செய்தார். தம்பியின் உடம்பு அந்த மரத்தில் எங்கெங்கே பட்டதோ அதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தெருவில் நின்று பார்த்த எனக்கு, அவர்கள் கிட்டார் செய்கிறார்களா, ஆளையே செய்கிறார்களா என்று சந்தேகம் வந்துவிட்டது.

மிஞ்சியது வெடிப்பு. தலைமுடி போல மெல்லிய கோடுகள் பெயிண்ட் முழுக்க ஓடவேண்டும். பெயிண்ட் காயவைக்கிற சூட்டு விளக்கின் கீழே கிட்டாரைக் காட்டுவார். தொடமுடியாத சூடு ஏறியதும் துணியில் சுருட்டித் தூக்கிக்கொண்டு, தெருமுனை ஐஸ்கிரீம் கடைக்கு ஓட்டம். கடைக்காரரின் பெட்டிக்குள் குச்சி ஐஸ்களை ஒதுக்கி அதைப் படுக்கவைப்பார். உறைந்ததும் திரும்ப விளக்கு. ஒரு கையில் கிட்டாரும் மறுகையில் கால்சட்டையுமாக அவர் ஓடியதைப் பார்த்துத் தெருவில் போக்குவரத்தே நின்றது. கிட்டார் என்றால் கிட்டார் முழுக்க இல்லை, கழுத்தைக் கழற்றிய உடம்பு மரம் மட்டும்தான். ஆனாலும் பார்க்கிறவர்களுக்குக் குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றும். ஒரு கிழவி கூடவே ஓடி, "மூச்சு இருக்காப்பா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்ட நேரம், பெட்டிக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு 'டிக் டிக் டிக்'. பெயிண்டர் மூடியில் காதை வைத்துக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். ஐஸ் வாங்க வந்தவர்கள் மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிட்டாரை என் வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். பெயிண்ட் கொட்டகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'இதன் மேல் பெயிண்டே படவில்லை' என்று எந்த வாயால் சொல்வது? நான் ஊதுவத்தியில் ஒரு கட்டையே கொளுத்தி வைத்தேன். நல்லவேளையாக விலை சொல்கிற அம்மாவுக்குக் கடுமையான ஜலதோஷம். வாசலில் நுழையும்போதே தும்மல். எங்கள் மூன்று பேர் முகத்திலும் தெரிந்த சந்தோஷம் அவருக்குப் புரிந்திருக்காது.

வெள்ளைக் கையுறை, பூதக்கண்ணாடி, சின்னத் திருப்புளி. நோயாளியைப் பார்க்கிற மாதிரி கிட்டாரை மடியில் கிடத்தினார். மனைவி சுவரோடு சுவராக நின்றாள். பெயிண்டர் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டிருந்தார். நகத்தில் வெள்ளை போகவில்லை.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று அந்த அம்மா நிமிராமலே கேட்டார்.

"கார்ல..."

"டிரைவரா?"

பெயிண்டரின் தலை ஆமாம் என்றும் இல்லை என்றும் ஒரே நேரத்தில் ஆடியது.

திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்ளே இருந்த கம்பெனி எழுத்தைப் பார்த்து, ஒலியைப் பிடிக்கிற செம்புக் கம்பிச் சுருளைப் பார்த்து, "எல்லாம் அசல்," என்றார். மனைவியின் விரலில் தலைப்பு இறுகியது. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பெயிண்டைச் சாய்த்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். என் வீட்டுக் கடிகாரம் அன்றைக்கு மூச்சை அடக்கிக்கொண்டது என்று சத்தியம் செய்வேன்.

"அடடா!" என்றார் அந்த அம்மா. "இங்க வந்து பாருங்க. இந்த வெடிப்பு எப்படி ஓடியிருக்கு பாருங்க. மேடைச் சூடு, மழைக் காலம், வேர்வை, எத்தனை வருஷம் உழைச்சிருக்கு! என்ன அழகு!"

பெயிண்டர் ஓரடி முன்னால் வந்தார்.

"இது நல்ல விலைக்குப் போகும்மா," என்று அந்த அம்மா மனைவியிடம் சொன்னார். "கம்பெனிலேர்ந்து நேரா வர்ற புது காரு, அதுலயும் பெருசு, அது வாங்கற அளவு. கூடவும் போகலாம். என் பேர் போட்டு எழுதித் தர்றேன். நான் எழுதினதை இதுவரைக்கும் ஒருத்தரும் தப்புன்னு சொன்னதில்ல."

மனைவியின் கண்ணில் சட்டென்று நீர் கட்டியது. அவள் அப்போதே மெத்தையை இழுத்து, உதறி, விரித்து, தம்பியைப் படுக்கவைத்துவிட்டாள். எனக்கு அது கண்ணெதிரே தெரிந்தது.

"சில பேரு இதைப் பொய்யா செஞ்சு பாத்திருக்காங்க," என்று அந்த அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பாத்த உடனே தெரிஞ்சுடும். காலம் செய்யறதை மனுஷன் கை செய்ய முடியுமா? யாராலயும் முடியாது."

"யாராலயுமா?" என்றார் பெயிண்டர்.

"ஏங்க," என்றாள் மனைவி, மெதுவாக.

"யாராலயும் முடியாது. நான் பாக்காத கையா?"

"ஏங்க, அவங்களுக்குக் குடிக்க தண்ணி..."

பெயிண்டரின் முகம் சிவந்தது. பாக்கெட்டிலிருந்து கைகள் தாமாக வெளியே வந்தன. "இந்த ஓரத்துல மட்டும் கொஞ்சம் தூக்கலா விழுந்துருச்சும்மா," என்று வெள்ளை நகத்தால் தொட்டுக் காட்டினார். "ஐஸ் பெட்டியில அந்தப் பக்கம் குளிர் ஜாஸ்தி."

அறையில் ஊதுவத்திப் புகை மட்டும் அசைந்தது.

நேர்மை என்று பிற்பாடு தெருவில் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். அந்த அம்மா தன் பெயரை எழுதப்போனது அவரை உறுத்தியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் நான் முகத்தைப் பார்த்தவன். அது பேர் கூப்பிட்டதும் பரிசு வாங்க மேடை ஏறுகிறவனின் முகம்.

அந்த அம்மா பையிலிருந்து, புது பெயிண்டைக் காட்டிக்கொடுக்கிற ஊதா ஒளி டார்ச் ஒன்றை எடுத்து அடித்துப் பார்த்தார். அணைத்தார். கையுறையைக் கழற்றினார்.

"இதை அடிச்சு எவ்வளவு நாளாச்சு?"

"இந்த வாரந்தாங்க."

"இந்தக் கையை வேற எங்கயும் காட்டாதீங்க," என்றார். கோபமா, கும்பிடா, எனக்குப் பிடிபடவில்லை. "மரமும் மத்ததும் அசல், அதனால ஒரேயடியா போயிடல. ஆனா புது காரை மறந்துடுங்க. பாதிக்கும் கீழ. ஓடற நிலைமையில இருக்கற பழைய கார்."

அவர் போன பிறகு மனைவி கணவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். பெயிண்டர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

"நான் பேசறேன்மா. நான்தானே பண்ணேன்."

"நீங்க பேசினது போதும்."

அவளே போட்டாள். பழக்க தோஷம், ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் கரகரவென்று ஒரு இரைச்சல்.

"அக்கா! என்ன சொன்னாங்க?"

"விலை போச்சுடா." எதையும் மறைக்காமல் சொன்னாள். சிவப்பு, உப்புத்தாள், பல், ஐஸ் பெட்டி, வெள்ளை நகம், எல்லாம். மறுமுனையில் இரைச்சல் மட்டும். "பழைய காரு விலைதான்டா வரும். உன் இடத்துக்கெல்லாம் அது பத்தாது. கேட்டுக்க, இதுக்கு மேல நான் கேக்கமாட்டேன். இந்த விலைக்கு வர்றியா, இல்ல கையெழுத்துப் போடறியா?"

பெயிண்டரின் தோள்கள் காதுவரை ஏறி நின்றன. நான் என் வீட்டிலேயே எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கிட்டாரைப் பார்த்தேன். அதில் அவன் முழங்கை ஊன்றுகிற இடம் வழவழவென்று இருந்தது.

கடைசியில் டொம் இருமினான். இல்லை, அது சிரிப்புதான். இடையில் உடைந்தது.

"அக்கா, மாமாகிட்ட ஒண்ணு சொல்லிடு. நான் வந்து எறங்கினதும் என் மேல கைய வெக்க வேணாம்னு சொல்லு. முடியெல்லாம் நரைச்சுப்போச்சு. முன்பல்லு ஒண்ணு இல்ல. போட்டோ அனுப்பாம இருந்ததே அதனாலதான். நானும் கொஞ்சம் பழசாத்தான்கா வர்றேன்."

அவள் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"வாடா," என்றாள். "எவ்வளவு பழசுன்னு நான் பாத்துச் சொல்றேன்."